கேட்காமல் விட்ட கதைகள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரை)



இந்த இலக்கியத் தொடரிலே சென்ற வாரங்களில் நாவல் பற்றியும் சிறுகதை பற்றியும் அறிஞர்கள் பலர் உரையாற்றினார்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட கதை எந்தப் புத்தகசாலையிலும் கிடைக்காது. அதற்கு ஒரேயொரு பிரதிதான் உண்டு. அந்தப் பிரதி மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்து லயத்தின் தொங்கல் காம்பராவிலே, வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறது. என் அம்மாவைத்தான் சொல்கிறேன்.

2019ஆம் ஆண்டு என் தந்தையார் காலமானார். மரணத்தைப் பதிவு செய்வதற்காக மூத்த மகனாகிய நான் பதிவாளர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் அமைதியான மனிதர். பெயர், வயது, தொழில் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர், "இறந்தவருடைய தாயாரின் பெயர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

நேயர்களே, நான் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்த ஆசிரியன். கண்டியை ஆண்ட மன்னர்களை வரிசை பிசகாமல் சொல்வேன். சொந்தத் தகப்பனைப் பெற்றவளின் பெயர் எனக்குத் தெரியவில்லை. அப்பாயி என்று ஒருத்தி இருந்ததும், நான் பிறப்பதற்கு முன்பே இறந்ததும் தெரியும். அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே வந்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். இழவு வீட்டு அழுகைக்கு நடுவே அம்மா ஒரு நொடி கூடத் தாமதிக்காமல், "அங்கம்மா" என்றார். பிறகு மெல்லிய குரலில், "நீ கேட்டதே இல்லையே தம்பி" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. அப்பாவிடம் கேட்கவேண்டியவை அனைத்தும் அவரோடு மண்ணுக்குள் போய்விட்டன. அம்மா ஒருவராவது மிஞ்சியிருக்கிறார் என்று எண்ணி, முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு கேட்கத் தொடங்கினேன்.

முதல் முயற்சி படுதோல்வி. கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தி, அம்மாவின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, "அம்மா, உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றேன். அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "என்னத்தச் சொல்றது? பொறந்தோம், வளந்தோம், கொழுந்து எடுத்தோம், பென்சனும் எடுத்தோம். ஒனக்கு டீ ஊத்தவா?" என்று எழுந்து போய்விட்டார். அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வாழ்க்கை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

குற்றம் அம்மாவினுடையதல்ல, என் கேள்வியினுடையது. அதிகாரி போல எதிரே உட்கார்ந்து கேட்டால் எங்கள் மக்கள் வாய் திறப்பார்களா? பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, எந்தத் திகதியில் இலங்கைக்கு வந்தாய் என்று மேசைக்கு அந்தப்புறமிருந்து கேட்கப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன சமூகம் அல்லவா இது? அந்தக் கேள்விகளுக்கான பதில்களில்தானே அவர்களுடைய நாடு தங்கியிருந்தது?

சில கிழமைகளுக்குப் பிறகு, அம்மா ரொட்டிக்கு மாப் பிசைந்து கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக் கொடுத்தேன். கொப்பியும் இல்லை, தொலைபேசியும் இல்லை. "அம்மா, நீங்க மொதமொதல்ல கூட போட்ட அன்னிக்கு மழையா வெயிலா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். மாப் பிசைந்த கை நின்றது. "மழையா? அது என்னா மழைங்கிற" என்று தொடங்கினார். ரொட்டி சுட்டு முடிந்து அடுப்பு அணைந்த பிறகும் கதை முடியவில்லை.

பதின்மூன்று வயதிலே பேர் பதிந்தார்களாம். அம்மாயிதான் தன் பழைய கூடையின் கயிற்றைச் சுருக்கி மகளின் தலையில் மாட்டிவிட்டிருக்கிறார். தலையில் கொங்காணி, இடுப்பில் படங்கு. அட்டை கடித்து இரத்தம் ஒழுகுவது கூடத் தெரியாத அளவுக்குக் குளிர். மட்டக்கம்பைச் செடியின் மேல் வைத்துக் கொழுந்து கிள்ளப் பழகும்போது கங்காணி பின்னால் நின்று கத்துகிறார். பக்கத்து நிரையில் நின்ற அம்மாயி, கங்காணி அந்தப்புறம் திரும்பும் நேரம் பார்த்துத் தன் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி மகளின் கூடையில் போடுகிறார். "இல்லாட்டி அன்னிக்கு அரைப்பேர்தான் விழுந்திருக்கும்" என்று சொல்லி அம்மா சிரித்தார். எங்கள் தோட்டத்துப் பதிவேட்டில் அன்றைய நாளுக்கு அம்மாவின் பெயருக்கு எதிரே இத்தனை இறாத்தல் என்று ஒரு இலக்கம் விழுந்திருக்கும். அந்த இறாத்தலில் இரண்டு கையளவு தாயின் கொழுந்து என்பதை எந்தக் கணக்கப்பிள்ளை எழுதியிருப்பார்?

அன்றிலிருந்து கேள்வி கேட்கும் முறையை நான் மாற்றிக்கொண்டேன். வாழ்க்கையைப் பற்றிக் கேட்பதில்லை. ஒரு பொருளைப் பற்றிக் கேட்பேன், ஒரு இடத்தைப் பற்றிக் கேட்பேன்.

இடம் என்றதும் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. பழைய மஸ்கெலியா நகரம் இன்று மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியிலே கிடக்கிறது என்பது உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். 1960களின் இறுதியில் அணை கட்டப்பட்டபோது நகரம் மேட்டுக்கு இடம்பெயர்ந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலின் எச்சங்கள் வெளியே தெரியும். அப்படியொரு வரட்சி மாதத்தில் அம்மாவை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கரையிலே நிறுத்தினேன். அவர் கண்களைச் சுருக்கிக்கொண்டு சேற்றுவெளியைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, இது கோயில், இது கடைவீதி, இந்த இடத்தில்தான் வளையல்காரர் உட்கார்ந்திருப்பார் என்று ஒரு நகரத்தையே எனக்கு முன்னால் கட்டி எழுப்பினார். முதற் சம்பளத்தில் சிவப்பு வளையல் வாங்கியதும், அண்ணன் அதைக் கண்டு அம்மாயியிடம் கோள் சொன்னதும், பிறகு அந்த அண்ணனே அடுத்த கிழமை பச்சை வளையல் வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கரையிலேதான் வெளிவந்தன.

அந்த அண்ணன்தான் என் மாமா. நான் இன்று சொல்ல வந்த கதையும் அவரைப் பற்றியதுதான்.

எங்கள் வீட்டிலே மாமாவைப் பற்றி ஒரே வசனந்தான் வழங்கி வந்தது: "அப்பாவோடு சண்டை பிடித்துக்கொண்டு கப்பலேறிப் போய்விட்டார்." நானும் தங்கையும் இதைக் கேட்டே வளர்ந்தோம். என்ன சண்டை என்று நாங்கள் கேட்டதுமில்லை, அவர்கள் சொன்னதுமில்லை. மாமா, அத்தை, தாத்தா, அம்மாயி நால்வரையும் ஹட்டன் புகையிரத நிலையத்தில் வழியனுப்பிய நாள் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஆறு வயது. நீல நிறத்தில் புதுச்சட்டை போட்டிருந்தேன். நிலையமெங்கும் அழுகை. இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் அந்த ரயிலுக்கு எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வைத்திருந்தார்கள். எனக்கோ புதுச்சட்டை போட்ட மகிழ்ச்சி. அன்றைய நாளை ஒரு திருவிழாப் போலவே நினைவில் வைத்திருந்தேன்.

இளைய நேயர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை பெறுவதற்கு, 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முற்பட்ட ஏழு ஆண்டுகள், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகள், இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவன் அதற்கான தாளுக்கு எங்கே போவான்? என் தாத்தா ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறியவர். பழைய தோட்டத்துத் தாள் அவரிடம் இல்லை. அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பின்பு 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எந்த நாட்டுக்கு எழுதிக் கொடுப்பது என்று ஒவ்வொரு காம்பராவிலும் பேச்சு நடந்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணன் இந்தியாவுக்கும் தங்கை இலங்கைக்குமாக எழுதிக் கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. எங்களுடையது அவற்றில் ஒன்று.

இவ்வளவும் நான் வகுப்பிலே படிப்பித்த வரலாறு. படிப்பிக்காததை அம்மா சொன்னார்.

2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. தொலைக்காட்சியில் அதைக் காட்டியபோது அம்மா வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க பூட்டன் நடந்து வந்த வழி" என்றார். சற்றுப் பொறுத்து, "எங்கண்ணன் திரும்பிப் போன வழி" என்றார். நான் மெதுவாக, "அம்மா, மாமா போன அன்னிக்கு எனக்கு நீலச் சட்ட போட்டிருந்தீங்களே, அது எங்க வாங்குனது?" என்று கேட்டேன். சண்டை பற்றிக் கேட்கவில்லை, சட்டையைப் பற்றித்தான் கேட்டேன்.

அம்மா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன்.

"அது மாமா வாங்குனது தம்பி. நீ அவுங்களோட போறதுக்கு வாங்குனது. அவுங்களுக்குப் புள்ள கெடையாது. காகிதத்துல ஒன்னயத் தன் மகன்னு போட்டிருந்தான் எங்கண்ணன். நாந்தான் சரின்னேன். இங்க நமக்கு நாடு கெடைக்குமா கெடைக்காதான்னே தெரியல. அங்க போனா நீ படிப்பேன்னு நெனச்சேன். ஒங்கப்பாவுக்கு இஷ்டமில்ல. ஆனாலும் என்னயத் தடுக்கல. ட்ரங்குப் பொட்டியில ஒன் உடுப்பெல்லாம் அடுக்கி வச்சாச்சு. கோச்சி வந்து நின்னுச்சு. அண்ணன் கைய நீட்டினான். நான் ஒன் கைய விடல. விடணும்னுதான் நெனச்சேன். கை விட மாட்டேன்னுருச்சு."

கோச்சி புறப்பட்டுவிட்டது. என் உடுப்புகள் ட்ரங்குப் பெட்டியோடு இந்தியாவுக்குப் போய்விட்டன. போட்டிருந்த நீலச் சட்டை மட்டும் எனக்கு மிஞ்சியது.

நேயர்களே, எந்த நாட்டிலும் இடமில்லாத ஒரு கூட்டத்திலே பிறந்த எனக்கு, இரண்டு நாட்டுக் காகிதத்திலும் பெயர் இருந்திருக்கிறது. ஒன்றில் அப்பாவின் மகனாக, மற்றதில் மாமாவின் மகனாக. இதை அறிந்தபோது எனக்கு 57 வயது.

"அப்போ சண்டைன்னு சொன்னது?" என்று கேட்டேன். "ஒங்கப்பா சொன்னது அது. பெத்தவ குடுக்க இருந்தாங்கிறது புள்ளைக்குத் தெரியக்கூடாதுன்னு அவரு மேல போட்டுக்கிட்டாரு" என்றார் அம்மா.

என் தந்தையார் மச்சானோடு ஒத்துப்போகத் தெரியாத முரட்டு மனிதர் என்றே நான் எண்ணியிருந்தேன். ஒரு கோபத்தில் அதை அவர் முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறேன். அவர் ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்தக் காட்சி இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. விளங்கியதைச் சொல்ல அவர் இல்லை.

அம்மா அத்தோடு நிறுத்தவில்லை. 1974ஆம் ஆண்டை எங்கள் பகுதியிற் பஞ்ச வருசம் என்பார்கள். அரிசியும் மாவும் சீனியும் கூப்பனுக்குக் கட்டுப்பட்டு, கூப்பன் இருந்தும் கிடைக்காத காலம். தோட்டங்களிலே மரண வீதம் உயர்ந்ததைப் பதிவேடுகளும் சொல்லுகின்றன. "அந்த வருசம் நீயும் தங்கச்சியும் வெறும் வயித்தோட படுத்தீங்க. ராத்திரி ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டு, அன்னிக்குக் கைய விட்டிருந்தா இவனாச்சும் வயிறு நெறஞ்சு படுத்திருப்பானேன்னு அழுவேன். நான் செஞ்சது சரியா தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்றார். ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வியை அவர் தனியாகச் சுமந்திருக்கிறார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன பதில் சொல்ல முடியும்?

மறுநாள் அம்மா ஒரு பழைய பிஸ்கட் தகரத்தை எடுத்துத் தந்தார். உள்ளே மூன்று நீல விமானத் தபால்கள். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அப்பா வாசித்துச் சொல்லக் கேட்டதுதான். மண்டபம் முகாமிலிருந்து ஒன்று, கூடலூர்ப் பக்கமிருந்து இரண்டு. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் மாமாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இங்கும் அதே தேயிலைதான், அட்டைதான் கொஞ்சம் குறைவு என்று எழுதியிருந்தார். மூன்று கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: மருமகன் படிக்கிறானா? சண்டை பிடித்துக்கொண்டு போனவர் எழுதுகிற வரியா அது?

அந்தப் பழைய முகவரிக்கு நான் கடிதம் போட்டேன். மருமகன் படித்தான், ஆசிரியனாகவும் ஆனான் என்று எழுதினேன். பதில் வரவில்லை. அரை நூற்றாண்டு பிந்திய பதிலுக்குப் பதிலை எதிர்பார்ப்பதும் முறையல்லவே.

நேயர்களே, இதை ஒரு இலக்கியத் தொடரிலே ஏன் சொல்கிறேன்? மலையக இலக்கியத்தின் முன்னோடியான சி. வி. வேலுப்பிள்ளை, எங்கள் மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாகத் தந்தார். 1947இல் பாராளுமன்றம் சென்ற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வாயிலிருந்து பாட்டுக் கேட்டது எதற்காக? எழுதி வைக்கப்படாத ஒரு சமூகத்தின் நூலகம் அதன் முதியவர்களின் நினைவுதான் என்பதை அவர் அறிந்திருந்தார். எல்லோராலும் ஊர் ஊராகத் திரிந்து பாட்டுச் சேர்க்க முடியாது. சொந்த வீட்டு இஸ்தோப்பிலே உட்கார்ந்து கேட்பதற்கு எவராலும் முடியும்.

நான் பட்டறிந்த சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். அவர்களின் கை ஏதாவது வேலையில் இருக்கும்போது கேளுங்கள். ஆண்டு கேட்டால் குழம்புவார்கள். அம்மாவிடம் மாமா போன ஆண்டைக் கேட்டபோது, "தோட்டத்த எல்லாம் அரசாங்கம் எடுக்கப் போகுதுன்னு பேச்சு வந்துச்சே, அப்ப" என்றார். காணிச் சீர்திருத்தச் சட்டம் 1972இல் வந்தது. என் வயதோடு கூட்டிப் பார்த்தேன், கணக்குச் சரியாக இருந்தது. அவர்கள் சொல்லுவதை இடையிலே திருத்தாதீர்கள். ஒரே கதையை மறுபடி சொன்னால் மறுபடியும் கேளுங்கள். இரண்டாம் முறை சொல்லும்போதுதான் முதல் முறை விட்டது வரும். பிரட்டு, அரைப்பேர், கொங்காணி என்று அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். சொற்கள் போனால் அவற்றோடு வாழ்ந்த வாழ்க்கையும் போய்விடும். அவர்கள் சொல்ல விரும்பாததை வற்புறுத்தாதீர்கள். என் அம்மாவும் ஒரு கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அதை நான் திரும்பவும் கேட்கப்போவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளே, காலந் தாழ்த்தாதீர்கள். அம்மாவிடம் கேட்ட எனக்கு அப்பாவும் ஓரளவு திரும்பக் கிடைத்தார். அவரிடமே கேட்டிருந்தால் அவருக்கும் என்னிடமிருந்து ஒரு வார்த்தை கிடைத்திருக்கும்.

இந்த உரையை அம்மாவும் இப்போது கேட்டுக்கொண்டிருப்பார். நீலச் சட்டைக் கதையைச் சொல்லலாமா என்று கேட்டுத்தான் வந்தேன். "சொல்லு, ஆனா எங்கண்ணன் நல்லவன்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன், அம்மா.